காலருக்குள் சிவப்பு நூல்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. கிடங்கில் ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவள் கூப்பிட்ட மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன்.

வழிபாட்டுக் கூடத்துப் பெரியவர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அக்டோபரில் அம்மாவுக்கு நினைவுக் கூட்டமாம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாற்பத்திரண்டு வருடம் உழைத்தவள், ஒரு வாரம்கூடப் பிரார்த்தனைக்கு வராமல் இருந்ததில்லை, எத்தனையோ பெண்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தவள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கூட்டத்தில் வாசித்துவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்களாம். "சாந்தமே உருவான அந்தத் தாய்" என்று ஒரு வரி. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன் நான்தானே, நானே எழுதுகிறேன். ஆனால் பன்னிரண்டு வயதில் விடுதிக்குப் போனவனுக்கு என்ன தெரியும்? நீ அவள் பக்கத்தில் நின்று அதே தொட்டியில் வேலை பார்த்தவள். நாலைந்து சம்பவம் எழுதி அனுப்பு.

என் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறாள். கவனம் என்பதே கிடையாது அவளுக்கு. மற்றபடி இங்கே எல்லாம் சுகம்.

உன் அன்புத் தம்பி

---

மார்ச் 19

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

என் முழங்கால் மழைக்கு முன்னால் எனக்குத் தகவல் சொல்கிறது, மற்றபடி உதவாது. நீ நன்றாக இரு.

சாந்தமே உருவானவள் என்றா எழுதியிருக்கிறார் பெரியவர்? அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்து, கொதிகலன் பக்கம் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அவரும் பாவம், அம்மாவைக் கூடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவள் பேர் கட்டைக்காரம்மா. கொதிக்கிற தொட்டியில் படுக்கை விரிப்புகளைக் கிண்டுகிற நீளக் கட்டை உனக்கு நினைவிருக்கும். அது இல்லாமல் அவளைப் பார்த்தவர் இல்லை.

உனக்குச் சம்பவம்தானே வேண்டும்? முதலில் கசாப்புக் கடைக்காரன் கதையை எழுது. தன் பெண்டாட்டியின் காதைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியவன். அம்மா சாப்பாட்டு இடைவேளையில் கட்டையோடு போனாள், நான் பின்னாலேயே ஓடினேன். அவன் கத்தியைத் தூக்கினான். அவள் அவன் முழங்கையில் போட்டாள் ஒரு போடு. எலும்பு உடைந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெண் எங்கள் வீட்டில் ஏழு மாதம் இருந்தாள். பிறகு மடிப்பு மேசையில் இருபது வருடம் வேலை பார்த்தாள். கசாப்புக்காரன் இடது கையால் வெட்டப் பழகிக்கொண்டான்.

கிளம்பும் முன் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஒரே பிரார்த்தனைதான் சொல்வாள். "கடவுளே, அவன் உசுருக்கு நீ பொறுப்பு, எலும்புக்கு நான் பொறுப்பு." அவளது பக்தி அப்படி. உன் அழகான கையெழுத்தில் இதை எழுது, பார்க்கலாம்.

உன் பெண்டாட்டிக்கு எந்தக் கை? எழுதவில்லையே. அப்புறம், போன அக்டோபரில் உன் வீட்டுக்கு மூன்று மாதம் தங்கப் போன அம்மா மூன்றே வாரத்தில் திரும்பி வந்தாளே, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று. வந்த அவசரத்தில் துணிப்பையை அங்கேயே விட்டுவிட்டாள். அதை அனுப்பிவை.

அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. அக்கா, வழிபாட்டுக் கூடத்தில் வாசிக்கிற பக்கத்தில் அடிதடியா? கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் கசாப்புக்காரனுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். அடுத்தவர் வீட்டுக்குள் கட்டையோடு நுழைவது பெருமையா? எனக்கு அவள் தர்மம் செய்ததை மட்டும் எழுது. அவள் மடியில் நான் தூங்கியது, அவள் கையின் சோப்பு வாசனை, இந்த மாதிரி.

சொல்லப்போனால் எனக்கு அப்பாவையும் பாவம் என்றுதான் தோன்றுகிறது. மூன்று வயதுப் பையனை அவரிடமிருந்து பிரித்துக்கொண்டு வந்தாள். அவர் தனியாகவே செத்தார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அம்மாவின் பையை இந்த வாரம் பார்சலில் போடுகிறேன். என் மனைவிதான் கட்டித் தந்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை, மனசு தாங்காது.

தம்பி

---

ஏப்ரல் 20

தம்பிக்கு,

பை வந்து சேர்ந்தது. அம்மாவின் கண்ணாடிக் கூடு, இரண்டு சேலை, ஜெபப் புத்தகம். அடியில் ஒரு நீலச் சட்டை. அம்மாவின் ஒரு கைகூட அதில் நுழையாது. காலரைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சிவப்பு நூலில் இரண்டு தையல்.

உனக்கு இது தெரியாது, சொல்கிறேன். கேள். அடிபட்டு வருகிற பெண்களின் துணி ரத்தத்தோடு எங்களிடம் வரும். துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். படியில் விழுந்தேன், கதவு இடித்தது என்று வார்டில் எழுதிக்கொள்வார்கள். படியில் விழுந்தால் ரத்தம் எங்கே படியும், முடியைப் பிடித்துச் சுவரில் மோதினால் எங்கே படியும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் துணியின் காலருக்குள் அம்மா ஒரு சிவப்புத் தையல் போட்டுத் திருப்பி அனுப்புவாள். இல்லாதவளிடம் எத்தனை சட்டை இருக்கும்? அடுத்த தடவையும் அதே சட்டைதான் வரும். இரண்டாவது தையல். மூன்றாவது தையல் போட்டதும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கட்டையை எடுப்பாள். அப்படி நாற்பது வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ஏன் மூன்று என்று ஒரு தடவை கேட்டேன். பெட்டியிலிருந்து அவளுடைய பழைய சாம்பல் நிறச் சட்டையை எடுத்துக் காட்டினாள். அதில் பதினொன்று இருந்தது. "நான் பதினொண்ணு வரைக்கும் இருந்தேன்டி. மூணுலயே யாராவது வந்திருக்கலாம்" என்றாள்.

பதினொன்றாவது தையல் விழுந்த அன்றைக்கு மத்தியானம் நான் சுவரோரம் நின்றிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. நீ பாவம் என்று எழுதினாயே, அந்த அப்பா இரும்புக் கரண்டியால் அவள் வாயில் அடித்தார். இரண்டு பல் தரையில் விழுந்தது. ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நீ அங்கேதான் படுத்திருந்தாய். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான், ஒன்றும் பார்க்கவில்லை என்று அம்மா சாகும்வரை சொன்னாள். நான் குனிந்து பார்த்தேன். உன் கண் திறந்திருந்தது.

இந்த நீலச் சட்டை யாருடையது?

அக்கா

---

மே 30

அக்காவுக்கு,

வேலை அதிகம், அதனால்தான் தாமதம். அந்தச் சட்டை என் மனைவியுடையது. வெயிலில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வரும், எப்போதுமே உண்டு. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண்ணும் மங்கல், புத்தியும் மங்கல். எதையாவது பிடித்துத் தைத்துக்கொண்டே இருப்பாள். எந்த வீட்டில்தான் சத்தம் இல்லை? உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் தெரிந்திருக்கும்.

என் பக்கத்தை எழுதிவிட்டேன், நகல் இணைத்திருக்கிறேன். "அவள் கரங்கள் அணைக்க மட்டுமே அறிந்தவை" என்று ஆரம்பம். பெரியவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. இனி இதில் கை வைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

---

ஜூன் 8

தம்பிக்கு,

உன் பக்கத்தைப் படித்தேன். யாருடைய அம்மாவோ தெரியவில்லை, நல்ல பெண்மணியாக இருக்கிறாள். எனக்குப் புருஷன் இல்லை என்று குத்திக்காட்டியதற்கு நன்றி. நான் துவைத்த சட்டைகளைப் பார்த்த பிறகு நீயும் கல்யாணம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய்.

ஒரு திருத்தம். ஒரு வாரம்கூடப் பிரார்த்தனைக்கு வராமல் இருந்ததில்லை என்பது பொய். உன் வீட்டிலிருந்து திரும்பியதும் அவள் தொடர்ந்து நான்கு வாரம் போகவில்லை. அதற்குப் பிறகு போனாலும் சரி, தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாலும் சரி, சாகும்வரை வாய் திறக்கவில்லை, எழுந்துவிடுவாள். கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒரு நாள் விரிப்புகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "நாப்பது வீட்டுக்குப் போயிட்டேன். ஒரே ஒரு வீட்ல என் கை வரலடி."

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. தெரிந்தே கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருந்தால் நான் கிளம்ப வேண்டியிருக்கும். நீ எனக்குத் தம்பி. உன்னை இடுப்பில் வைத்துத்தான் நான் ஆளானேன். அம்மா மேல் எனக்கு இப்போது ஆத்திரம் வருகிறது. என் மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

உன் பெண்டாட்டியின் சட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? கறை போகத் துவைத்து, காலருக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து இதோடு அனுப்புகிறேன். அவள் கையில் கொடு. நீ சொன்னபடி மூக்கு ரத்தம் என்றால், எல்லாருக்கும் நல்லது.

அக்கா

---

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? சட்டை கிடைத்தது. என் கையாலேயே அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு உன் மேல் ரொம்ப மரியாதை. எனக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் பதவி வந்திருக்கிறது, பொறுப்பு கூடிவிட்டது. இப்போதைக்கு இங்கே வர நினைக்காதே. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறோம், உட்காரக்கூட இடம் இல்லை. அக்டோபரில் நாங்கள் இருவருமே கூட்டத்துக்கு வந்துவிடுவோம்.

தம்பி

---

ஆகஸ்ட் 11

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன்.

அத்தையின் பைக்குள் அந்தச் சட்டையை வைத்தது நான்தான். நீங்கள் அதைத் திருப்பி அனுப்பியபோது எனக்குப் பயமாகிவிட்டது. என்னைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று நினைத்து அழுதேன். அவர் காலரைத் திருப்பி, இரண்டுதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சிரித்தபடியே தந்தார். அவர் வேலைக்குப் போன பிறகு நான் காலரைத் தடவினேன். விரலில் குத்தியது. கஞ்சிக்குள் ஒட்டவைத்த ஊசி, அதில் ஒரு முழம் சிவப்பு நூல். எனக்குப் புரிந்தது.

அத்தை வந்து தங்கிய மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் தடவை அவர்கள் வாசலில் இருந்தார்கள், சத்தம்தான் கேட்டது. என் சட்டையைக் கேட்டு வாங்கித் துவைத்து, காலருக்குள் ஒரு தையல் போட்டுத் தந்தார்கள். இரண்டாவது தடவை கண் முன்னால் நடந்தது. அவர் என் தலையைக் குழாய்த் தொட்டியின் விளிம்பில் மோதினார். அத்தை துணி அடிக்கிற கட்டையைத் தூக்கிவிட்டார்கள். அவர் திரும்பி, "அம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். கட்டை அத்தை கையிலிருந்து நழுவி விழுந்தது. மறுநாள் காலையில் கிளம்பினார்கள். போகும்போது என் காதில், "மூணாவது விழுந்தா என் பொண்ணுக்குச் சட்டையை அனுப்பு. எனக்கு வலு இல்ல. அவ வருவா" என்றார்கள்.

மார்ச்சில் வலது மணிக்கட்டு முறிந்தது, இன்னும் சரியாகக் கூடவில்லை. அன்றைக்குச் சட்டை என்னிடம் இருந்தும், தைக்கக் கை இல்லை, நூல் இல்லை, தைரியமும் இல்லை. போன வாரம் கரண்டியால் அடித்தார். தாடை விலகிவிட்டது. இரும்புக் கரண்டி. அத்தைக்கும் அப்படித்தான் என்று நீங்கள் எழுதிய கடிதத்தை மேசையில் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டும் அவர் அதையே எடுத்தார், அண்ணி.

சட்டையை முன்பக்கம் நர்ஸ் கத்தரியால் வெட்டிவிட்டார்கள், காலர் இருக்கிறது. மூன்றாவது தையலை நானே போட்டேன். கோணல்தான். இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து அம்மா சட்டையையும் இந்தக் கடிதத்தையும் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வாருங்கள்.

உங்கள் தம்பி மனைவி

---

ஆகஸ்ட் 30

அக்கா,

என் மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு வாத்தியார் கையால் இதை எழுதச் சொல்கிறேன், அதனால் எல்லாவற்றையும் எழுத முடியாது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கூடப் பிறந்தவளா நீ? ரயிலில் இரண்டு நாள் அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். என் வீட்டுக்குள் வந்து, என் மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என் சாப்பாட்டுத் தட்டு முன்னால் மண்டியிட்டுப் பிரார்த்தனை பண்ணுகிறாய். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், முட்டாள்.

நான் "அக்கா" என்று கூப்பிட்டேன். நீ அதற்குப் பிறகுதான் அடித்தாய்.

அம்மாவாக இருந்தால் என்னை அடித்திருக்க மாட்டாள்.

என் மனைவியைத் திருப்பி அனுப்பு. போலீஸில் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கச் சொல். பதவி போய்விடும். பெரியவருக்கும் எதுவும் எழுதாதே, என் பக்கத்தையே வாசிக்கட்டும்.

தம்பி

---

செப்டம்பர் 14

தம்பிக்கு அக்கா எழுதுவது.

எலும்பு கூட ஆறு வாரம் ஆகும். கையை ஆட்டாதே, கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் போட்டே வை. பால் குடி.

நீ சொன்னது சரி. அம்மா உன்னை அடிக்கவில்லை. அதனால் அந்தப் பெண்ணின் கை முறிந்தது, தாடை விலகியது. நீ "அக்கா" என்றதும் எனக்கும் கட்டை பாதியில் நின்றது. மூன்று வயதில் நீ கூப்பிட்ட அதே குரல். அம்மாவுக்குக் கட்டை நழுவிவிட்டது, நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ரயிலில் நான்கு தடவை வாந்தி எடுத்தேன். உன் பெண்டாட்டிதான் ஒற்றைக் கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் கண் திறந்து படுத்திருந்த பையனை நான் தினமும் நினைக்கிறேன். தூங்கினான் என்று பூசி மெழுகி வளர்த்தோம். என்ன பார்த்தாய் என்று ஒருவராவது உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அது எங்கள் தப்பு. கரண்டியை எடுத்தது உன் தப்பு. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதே.

அவள் திரும்பி வர மாட்டாள், நான் அனுப்பவும் மாட்டேன். புகார் புகாராகவே இருக்கும். இங்கே மடிப்பு மேசையில் ஒற்றைக் கையால் தலையணை உறை மடிக்கப் பழகுகிறாள். முதல் நாள் எல்லாவற்றையும் கோணலாக மடித்துவைத்தாள். யாரும் பிரித்து மடிக்கவில்லை, அப்படியே வார்டுக்குப் போனது.

உன் பக்கத்தைப் பெரியவரிடமிருந்து வாங்கிக் கிழித்துவிட்டேன். வேறு எழுதியிருக்கிறேன். பரிசு வாங்காத கட்டுரை, சின்னதுதான்:

"இவள் நாற்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் ரத்தத்தைத் துவைத்தாள். கடவுளை நம்பினாள், கட்டையையும் நம்பினாள். நாற்பது வீடுகளிலிருந்து நாற்பது பெண்களை வெளியே கூட்டிவந்து சோறு போட்டு வேலை வாங்கித் தந்தாள். பல பேருடைய கையை உடைத்தாள். நாற்பத்தோராவது வீடு அவள் மகன் வீடு. அங்கே அவளுக்குக் கை வரவில்லை. அதை நினைத்துச் சாகும்வரை பிரார்த்தனை செய்ய முடியாமல் இருந்தாள். அவளை மன்னிக்க வேண்டியது நாங்கள் இல்லை, அந்த வீட்டுப் பெண்தான்."

பெரியவர் இரண்டு தடவை படித்தார். கடைசி இரண்டு வரியை எடுத்துவிடலாமே என்றார். முடியாது என்றேன். சரி, யார் வாசிப்பது என்றார். அந்த வீட்டுப் பெண்தான் வாசிப்பாள் என்றேன். அவளுக்குத் தாடை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வருகிறது. வீட்டில் வாசித்துப் பழகுகிறாள். கடைசி வரி வந்ததும் நிறுத்திவிடுகிறாள். மன்னித்தாயா என்று கேட்டேன். "இன்னும் இல்ல அண்ணி. அன்னைக்கு அங்க நிக்கும்போது தெரியும்" என்றாள். இப்படி வாசித்தால் கூட்டம் முடிய ரொம்ப நேரம் பிடிக்குமே என்றார் பெரியவர். பிடிக்கட்டும் என்றேன்.

நீயும் வரலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேள். கட்டை வாசலிலேயே சாத்தியிருக்கும்.

உன்னை இடுப்பில் வைத்து வளர்த்த
அக்கா